வயற்காவலும் காதுக்காப்பும்

காலபோக நெல் குடலைப் பருவம் கடந்து கதிர் தள்ளத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களில் வன்னிப் பெருநிலப்பரப்பின் பல கிராமங்களில் இரவு என்பது உறங்குவதற்குரிய பொழுதாக இருப்பதில்லை. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணி, துணுக்காய், மாந்தை கிழக்கு எனக் காட்டோரமாக வயல் கொண்ட இடங்களிலெல்லாம் கமக்காரர்கள் காவற்கொட்டில்களிலும் மரப்பரண்களிலும் விழித்திருக்கின்றனர். யானை வரும் திசையில் யானை வெடியைக் கொளுத்தி எறிவதும், பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற துவக்கு இருப்பின் வானை நோக்கி வேட்டு வைப்பதும் அந்த இரவுகளின் வழமை. யானை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன்மீது சுடுவது குற்றம். ஆகவே இங்கே துவக்கும் வெடியும் ஓசைக்காகவே பயன்படுகின்றன. அந்த ஓசை யானையை விரட்டுகிறதோ இல்லையோ, அதை எழுப்புபவரின் காதை ஒவ்வொரு தடவையும் சென்று தாக்குகிறது.

யானையால் அழிந்த பயிர் பற்றியும், பறிபோன உயிர்கள் பற்றியும், கையில் வெடித்த யானை வெடியால் விரல்களை இழந்தவர்கள் பற்றியும் பேசப்படுகிறது. காது பற்றிப் பேசப்படுவதில்லை. கை போனால் ஊர் அறியும். செவிப்புலன் குறைவது ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக நிகழ்வதால், அதை இழந்தவரே இறுதியில்தான் அறிகிறார். "அவருக்கு வயது போய்விட்டது, காது மந்தம்" என்று வீட்டார் சொல்லி முடித்துவிடுகின்றனர்.

வெடியோசை ஏனைய இரைச்சல்களைப் போன்றதன்று என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அரிசி ஆலையின் இரைச்சலோ உழவு இயந்திரத்தின் இரைச்சலோ மணிக்கணக்கில் நீடித்துக் காதைக் களைப்படையச் செய்பவை. வெடியோசை கண் இமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்தில் உச்சத்தைத் தொட்டு அடங்கிவிடுகிறது. பேரொலி வரும்போது நடுக்காதிலுள்ள சிறு தசைகள் இறுகி உட்காதை ஓரளவு காக்கும் ஏற்பாடு நம் உடலில் உண்டு. ஆனால் அத்தசைகள் இறுகுவதற்குள் வெடியின் அலை உள்ளே போய்விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட சமூக இரைச்சல் பற்றிய வழிகாட்டி, இத்தகைய ஓசைகளின் உச்சம் வளர்ந்தோருக்கு 140 டெசிபலையும் சிறுவருக்கு 120 டெசிபலையும் தாண்டக்கூடாது என்கிறது. 12 போர் துவக்கைச் சுடுபவரின் காதருகே எழும் உச்சம் பெரும்பாலும் 150 முதல் 165 டெசிபல் வரை இருக்கும். பெரிய வெடிகள் அருகில் வெடிக்கும்போதும் 150 டெசிபலை எட்டக்கூடும். 140 இற்கும் 160 இற்கும் இடையிலுள்ளது வெறும் 20 தானே என்று எண்ணிவிடக் கூடாது. டெசிபல் அளவையில் ஒவ்வொரு 10 உம் ஒலியின் வலுவைப் பத்து மடங்காக்கும் என்பதால், அந்த 20 என்பது நூறு மடங்கு.

உட்காதில் நத்தையின் ஓடுபோலச் சுருண்டிருக்கும் உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு உணர்த்துபவை இவையே. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வெடியோசை முதலில் அழிப்பது உயர்ந்த சுருதி ஒலிகளை, குறிப்பாக 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையானவற்றை, உணரும் கலங்களை. பேச்சில் க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளைப் பிரித்தறிய உதவுவது இப்பகுதியே. அதனால்தான் கேள்வி குறைந்தவர்கள் "சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை" என்கின்றனர். கடை, தடை, படை என்ற மூன்றும் அவர்களுக்கு ஒரே சொல்லாகிவிடுகின்றன. இதனுடன் ஓயாத காதிரைச்சலும் சேர்ந்துகொண்டால் உறக்கமும் போய்விடும்.

வயற்காவலருக்கு இதில் இன்னுமொரு கேடு உண்டு. இருளில் யானை வருவதைக் கண்ணால் அறிவது அரிது. அத்தனை பெரிய விலங்கு ஆச்சரியப்படத்தக்க அமைதியோடு நடக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது சுள்ளி முறியும் ஓசையும், இலை உரசும் ஓசையும், வேலிக்கம்பி அசையும் ஓசையும். இவையெல்லாம் உயர்ந்த சுருதி கொண்ட மெல்லிய ஓசைகள். யானையை விரட்ட வைத்த வெடி, யானை வருவதை அறிவிக்கும் ஓசைகளைக் கேட்கும் ஆற்றலையே தின்றுவிடுகிறது.

2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய கரையோர நிலத்தில் எறிகணை ஓசைக்குள் வாழ்ந்து மீண்டவர்கள் இன்று அதே மாவட்டங்களில் வயல் செய்கின்றனர். அவர்களுள் பலரின் காதுகள் அன்றே பாதிக்கப்பட்டவை. எஞ்சியிருக்கும் மயிர்க்கலங்களைத்தான் அவர்கள் இப்போது காவலுக்குக் கொண்டுசெல்கின்றனர். ஆதலால் காதுக்காப்பு வேறு எங்கும் விட வன்னியில் கூடுதலாக வேண்டப்படுகிறது.

அவ்வாறாயின் ஏன் எவரும் அணிவதில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, நியாயமன்று. கிடைக்கும் காப்புகள் வயலுக்கு வசதியாக இல்லை என்பதே முதன்மையான காரணம். காதை அடைத்தால் யானை வருவது கேட்காது, வியர்வையில் மூடி வழுக்கும், அழுக்கான கையால் எதையும் காதில் வைக்க முடியாது, திடீரென வெடிக்க நேரும்போது தேடிப் பொருத்த நேரமிராது. இவை நான்கும் நியாயமான தடைகள். நிபுணர்கள் காப்பின் டெசிபல் அளவைப் பற்றியே பேசுகின்றனர். நாமோ வசதியிலிருந்து தொடங்குவதே சரியென்று கருதுகிறோம். எவ்வளவு உயர்ந்த காப்பும் வெடிக்கும் கணத்தில் சட்டைப் பையில் இருந்தால் அதன் காப்பு பூச்சியமே.

இப்போது பலர் செய்வது பஞ்சையோ துணித்துண்டையோ காதில் வைப்பது. பஞ்சு 5 முதல் 7 டெசிபல் வரையே குறைக்கும். 160 டெசிபல் வெடிக்கு அது வேலியில்லா வயலுக்குப் பொம்மை கட்டியதற்கு ஒப்பானது. விரலால் காதின் முன்மடலை அழுத்தி மூடுவது உண்மையில் பஞ்சைவிடப் பன்மடங்கு நல்லது. ஆனால் துவக்குப் பிடித்தவருக்கோ வெடி கொளுத்துபவருக்கோ கை வேறு வேலையில் இருக்கும். அருகில் நிற்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது செலவில்லாத வழி. வெடிக்கு முன் "காதைப் பொத்து" என்று உரத்துச் சொல்லும் பழக்கம் எல்லாக் காவற்கொட்டில்களிலும் ஏற்பட வேண்டும். சிறுவர்களைக் காவலுக்கு அழைத்துச் செல்லாதிருப்பது அதைவிட மேல்.

காப்புகளை இருவகையாகப் பிரிக்கலாம். காதுத் துவாரத்தினுள் செருகும் அடைப்பான் ஒன்று. காதுமடல் முழுவதையும் வெளியிலிருந்து கவிந்து மூடும் காதுமூடி மற்றையது.

அடைப்பான்களுள் மிக மலிவானது மென்பஞ்சுறை போன்ற நுரை அடைப்பான். சரியாகப் பொருத்தினால் இதைப்போல் ஓசையைத் தடுப்பது அரிது. சரியாகப் பொருத்துவதில்தான் சிக்கல். அதை விரல்களால் உருட்டி மெல்லிய குச்சிபோல் ஆக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, துவாரம் நேரான பின் உட்செலுத்தி, அது விரியும் வரை 20, 30 விநாடிகள் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது சரியாகச் செல்லவில்லை என்பதே பொருள். பொருத்தியபின் இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்தி எடுத்துப் பார்க்கலாம். பொத்தும்போது சுற்றுச் சத்தம் பெரிதாகக் குறைந்தால் அடைப்பான் ஒழுகுகிறது. நுரையைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. சேற்றுக் கையாலும் கிருமிநாசினி தெளித்த கையாலும் உருட்டுவது காதுப் புண்ணுக்கு வழி. எனவே வயலைவிட, முன்னாயத்தத்தோடு சுடும் இடங்களுக்கே நுரை பொருந்தும்.

வயலுக்குப் பொருத்தமானது இறப்பர் அல்லது சிலிக்கனால் ஆன, சிறு குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற வடிவுடைய அடைப்பான். இதை உருட்ட வேண்டியதில்லை. காம்பைப் பிடித்துச் செருகலாம், சவர்க்காரம் இட்டுக் கழுவலாம், பல மாதங்கள் பயன்படுத்தலாம். இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும் வகையை வாங்கினால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். இருட்டில் தேட வேண்டியதில்லை. இவ்வகையிலேயே நடுவில் நுண்ணிய துளையும் வடிகட்டியும் வைத்தவை உண்டு. மெல்லிய ஓசையும் பேச்சும் அத்துளை வழியே ஓரளவு செல்லும். வெடியலை வரும்போது அச்சிறு துளையில் காற்று கொந்தளித்துத் தடைப்படுவதால் ஓசை பெரிதும் குறைகிறது. மின்கலம் வேண்டியதில்லை. சுள்ளி முறிவதைக் கேட்கவும் வேண்டும், வெடியிலிருந்து காக்கவும் வேண்டும் என்ற காவலரின் இரட்டைத் தேவைக்கு விலை குறைந்த விடை இதுவே என்பது எமது கருத்து.

ஆயினும் இவ்வகை அடைப்பானின் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்ட இத்தகைய அடைப்பான் ஒன்று நீளம் போதாமையால் சிலரின் காதில் தெரியாமலே தளர்ந்துவிட்டது என்று கூறி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் த்ரீ எம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தனர். 2023 ஓகஸ்டில் அந்நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 601 கோடி டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள உடன்பட்டது. மில்லிமீற்றர் கணக்கிலான தளர்வு இத்தனை பெரிய வழக்காயிற்று. காதுத் துவாரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரிலேயே வலக்காதும் இடக்காதும் ஒரே அளவாயிருப்பதில்லை. எனவே ஒரே அளவில் ஆயிரம் சோடி வாங்கிப் பங்கிடுவது உதவியாகாது. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவிலும் இருக்க வேண்டும். அணிபவர் பொருத்திப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். செருகும்போது நோவு இருந்தால் அளவு பெரிது, தாடையை அசைத்தால் வழுகினால் சிறிது. காதில் குறும்பி மிகுந்தவர்களும் சீழ் வடிபவர்களும் வைத்தியரிடம் காட்டாமல் அடைப்பான் இடக்கூடாது.

காதுமூடியின் நன்மை, எவரும் நொடியில் சரியாக அணியலாம் என்பதே. தீமை, வன்னியின் வெக்கை. நெகிழ் உறையின் உள்ளே வியர்வை தேங்கும், தோல் அரிக்கும், அரை மணித்தியாலத்தில் கழற்றத் தோன்றும். தெரிவு செய்யும்போது பாரத்தையும் தலைப்பட்டியின் இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் ஓசை புகும், கூடினால் தலை இடிக்கும். மூடியின் விளிம்பு மெத்தை தலையோடு எங்கும் இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். பனிக்குத் தலையில் துவாய் கட்டி அதன்மேல் மூடியை வைப்பவர் அணிந்தும் அணியாதவரே. தடித்த கண்ணாடிச் சட்டமும் இவ்வாறே இடைவெளி உண்டாக்கும். துவக்குப் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மூடியின் கிண்ணம் பருத்திருந்தால் துவக்கின் பிடங்கு அதில் முட்டி மூடியைத் தூக்கிவிடும். சுடும் கணத்திலேயே காப்பு விலகும் வினோதம் இது. சுடுவோருக்கென மெலிந்த கிண்ணம் கொண்ட மூடிகள் தனியே விற்பனையாகின்றன. வெயிலில் உழவு இயந்திரத்தின் மேல் போட்டு வைத்தால் மெத்தை இறுகி வெடிக்கும். வெடித்த மெத்தையை மாற்றாமல் அணிவதில் பயனில்லை.

மின்கலத்தில் இயங்கும் காதுமூடிகளும் உண்டு. இவற்றின் வெளிப்புற ஒலிவாங்கி மெல்லிய ஓசைகளைப் பெருக்கி உள்ளே தரும். வெடி வரும்போது தன்னியல்பாக அடங்கிவிடும். காவலருக்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை. விலைதான் தனியொரு கமக்காரருக்கு எட்டாதது. கமக்காரர் அமைப்பொன்று பொதுப் பணத்தில் ஓரிரண்டை வாங்கி, அன்றிரவு வெடிப் பொறுப்பை ஏற்பவர் அணிவதென ஒழுங்கு செய்யலாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாயின் என்.ஆர்.ஆர். என்றும், ஐரோப்பியத் தயாரிப்பாயின் எஸ்.என்.ஆர். என்றும் ஒரு டெசிபல் அளவு குறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு முறையில் அளந்தவை, ஒன்றோடொன்றை ஒப்பிடலாகாது. அவை ஆய்வுகூடத்தில் பெற்ற எண்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998 இல் பரிந்துரைத்த கணக்கின்படி, என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து காதுமூடிக்கு 25 வீதத்தையும் நுரை அடைப்பானுக்கு 50 வீதத்தையும் ஏனைய அடைப்பான்களுக்கு 70 வீதத்தையும் கழித்தே எடுக்க வேண்டும். 32 என்று அச்சிட்ட நுரை அடைப்பான் நடைமுறையில் 16 தரும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அடைப்பானையும் மூடியையும் சேர்த்து அணிந்தால் இரண்டு எண்களும் கூடுவதில்லை. பெரியதோடு ஏறக்குறைய 5 டெசிபல் மட்டுமே சேரும். தொடர்ந்து சுடுவோருக்கு அந்த 5 உம் பெறுமதியானது.

இத்தகைய அறிவு பெருமளவுக்குத் துப்பாக்கி சுடும் விளையாட்டிலிருந்து வந்தது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்குபற்றிய ட்ராப் போட்டியில் தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகளுக்குச் சுட வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு வேட்டு வரை அனுமதி. அவர்கள் பாவிப்பதும் 12 போர் துவக்குத்தான். பயிற்சி வேட்டுகள் இதற்குப் பன்மடங்கு. சர்வதேசச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகள், வீரர்கள் மட்டுமன்றிச் சுடுகோட்டருகே நிற்கும் நடுவர்களும் ஏனையோரும் காதுக்காப்பு அணியுமாறு வலியுறுத்துகின்றன. பயிற்சியாளரின் செய்தியை வாங்கும் கருவி பொருத்திய காப்பு மட்டும் வீரருக்கு அனுமதியில்லை. இலங்கையின் சார்பில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல பங்குபற்றியது காற்றுத் துப்பாக்கிப் போட்டியில். அதன் ஓசை சிறிது. அங்கேகூடக் காப்பு அணிவது வழமை. விளையாட்டு வீரருக்குத் தம் முறை எப்போது வரும் என்று தெரியும், குளிரூட்டிய அறையோ நிழலோ உண்டு. வன்னிக் காவலருக்கு இவையொன்றும் இல்லை. எனவே விளையாட்டுக் கடையில் சிறந்ததென விற்பதை அப்படியே எடுத்து வயலில் திணிக்க முடியாது.

விளையாட்டு வீரர்களிடம் கற்கத்தக்க ஒன்று உண்டு. வலத்தோளில் துவக்கை வைத்துச் சுடுபவருக்கு இடக்காதே கூடுதலாகப் பழுதாகும். அது குழல்வாயின் பக்கம் நிற்கிறது. வலக்காதைத் தலையே மறைக்கிறது. ஒரு சோடியில் ஒன்றைத் தொலைத்துவிட்டால் எஞ்சியதை எக்காதில் இடுவது என்பதற்கு இது விடையாகலாம். இரண்டும் தேவை என்பது வேறு விடயம்.

இனி உரிய தரப்பினருக்குச் சில வார்த்தைகள். யானை வெடியை வழங்குவது வனசீவராசிகள் திணைக்களம். வெடியோடு சேர்த்துக் கயிறு கட்டிய ஒரு சோடி அடைப்பானையும் வழங்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பயிர்ப் பாதுகாப்புத் துவக்கின் உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்க வருபவரிடம் காதுக்காப்பு இருக்கிறதா என்று கேட்பதும், இல்லாதவருக்கு வாங்கும் இடத்தைச் சொல்வதும் மாவட்டச் செயலகத்துக்குப் பாரமாகாது. காலபோகம் தொடங்குமுன் நீர் திறக்கும் நாளும் விதைக்கும் நாளும் தீர்மானிக்கக் கமக்காரர்கள் கூடும் கூட்டத்தில், ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்கி, அடைப்பானைப் பொருத்தும் முறையைத் தாதியர் ஒருவரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ செய்து காட்டலாம். படித்துத் தெரிவதைவிடக் கண்டு பழகுவது இதில் பலன் தரும். தடுப்புக்கு ஆகும் செலவைச் செவிப்புலன் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு எளிதில் புலப்படும். அக்கருவிகூட அழிந்த கலங்களை மீட்பதில்லை, எஞ்சியவற்றுக்கு உரத்துச் சொல்கிறது, அவ்வளவே.

காப்பின்றி வெடி கேட்க நேர்ந்து, மறுநாளும் காதடைப்போ இரைச்சலோ நீங்காதிருந்தால் "தானாகச் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. சிலருக்கு முதற் சில நாட்களுக்குள் தொடங்கும் சிகிச்சை பயன் தருவதுண்டு, வாரக்கணக்கில் பிந்தினால் அந்த வாய்ப்பும் குறைகிறது. அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டி, அங்கிருந்து காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணர் உள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்குக் கடிதம் பெற்றுச் செல்லலாம். அதுவரை அடுத்த வெடிக்கு அருகே போகாதிருக்க வேண்டும். இரத்தமோ நீரோ வடிந்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம். அந்நிலையில், நம் வீடுகளில் வழமையாகச் செய்வதுபோல், எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விடுவது பெருங்கேடு. காதை உலர்ந்ததாக வைத்திருந்து, வெளிப்புறத்தில் மட்டும் சுத்தமான துணியை மெதுவாக வைத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.